தகாகியா, நானாவா?

கல்முனையில் வேலை கிடைத்ததிலிருந்து மட்டக்களப்பிலிருந்து தினமும் பஸ்தான். போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல், வரவும் அதேபோல. அந்த அலுப்புக்குத்தான் காதல் மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, வாசிக்கத் தொடங்கினேன். (அம்மாவுக்கு மங்கா என்றால் உப்பும் தூளும் தொட்டுத் தின்கிற சாமான்.) பழக்கிவிட்டது மச்சாள். "நானாவை வாசிடி, மற்றதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு" என்றாள். அதையும் வாசிக்கத் தொடங்கினேன், அவள் சின்னப்பிள்ளை விளையாட்டு என்ற தகாகி-சானையும் வாசித்தேன். இப்போது போனில் மிஞ்சியிருப்பது தகாகி.

நானா கனமான கதை, அதில் மறுபேச்சே இல்லை. அய் யசாவா 2000இல் தொடங்கியது. ரயிலில் சந்திக்கும் ஒரே பெயருள்ள இரண்டு பெண்கள், பிறகு தோக்கியோவில் 707ஆம் இலக்க வீட்டில் சேர்ந்து இருக்கிறார்கள். காதல், காசு, பொறாமை எல்லாம் நிஜ வாழ்க்கை மாதிரியே குத்தும்.

தகாகியில் பெரிதாக ஒன்றும் நடக்காது. வகுப்பில் பக்கத்து மேசைக்காரி தகாகி, நிஷிகதா என்ற பையனைச் சீண்டுவாள். அவன் பதிலுக்குச் சீண்டப் போய்த் தோற்பான். சொய்ச்சிரோ யமமோட்டோ இதையே 2013 முதல் 2023 வரை 20 தொகுதிகளுக்கு வரைந்திருக்கிறார். முதல் கதையைப் பாருங்கள். விருப்பமானவனின் பெயரை அழிறப்பரில் எழுதினால் காதல் கைகூடும் என்று ஒரு நம்பிக்கை. தகாகியின் றப்பரை நிஷிகதா களவாகப் பார்க்கிறான், அதில் பெயர் இல்லை. வராந்தாவைப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறது. பார்த்து ஏமாறுகிறான். அவன் திருப்பிப் பார்க்காத மற்றப் பக்கத்தில் அவன் பெயர்.

இதை ஆழம் என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் கட்டத்தில் எதைக் காட்டுவது, எதை ஒளிப்பது என்ற கணக்கு அது. லேசான கதைக்கு அது பிசகாமல் இருந்தால் போதும். பிசகினால் தாங்காது. வேறு மூன்று மங்காவை இரண்டாம் தொகுதியோடு விட்டது அதனால்தான்.

எனக்கு முடிவைத் தீர்த்தது திரும்ப வாசிப்பு. காத்தான்குடியில் சனம் ஏறினால் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். தகாகியில் எந்தப் பக்கத்தையும் திறக்கலாம், களுவாஞ்சிக்குடி வருவதற்குள் இரண்டு கதை முடியும். றப்பர் கதையை நாலு தரம் வாசித்துவிட்டேன். பின்பக்கம் தெரிந்தபிறகு தகாகியின் ஒவ்வொரு சிரிப்பும் வேறு மாதிரித் தெரிகிறது. நானாவை மாதமுடிவு வேலையில் இரண்டு கிழமை விட்டேன், யார் யாரோடு கோபம் என்றே மறந்துபோய்ப் பின்னுக்குப் போக வேண்டியதாயிற்று. அதுவும் 21 தொகுதிகளோடு, 2009இல், ஆசிரியரின் சுகயீனத்தால் நின்றுபோன கதை. எத்தனை தரம் வாசித்தாலும் அந்த இடத்தில்தான் போய் முட்ட வேண்டும்.

ஆனால் ஒன்று. நான் வாசித்த காதல் மங்கா மொத்தமே ஏழெட்டுத்தான், நானாவிலும் பாதிதான் தாண்டியிருக்கிறேன். நானாவில் அந்த 707ஆம் வீட்டின் ஸ்ட்ரோபெரிப் படம் போட்ட கிளாஸ்களைப் பற்றி மச்சாள் கதைக்கத் தொடங்கினால் என்னிடம் பதில் இல்லை. மிச்சத்தை ஒரு போயா (பௌர்ணமி) லீவுக்கு என்று வைத்திருக்கிறேன். இரண்டு போயா போய்விட்டது.