குழந்தையின் நுரையீரலில் நாய்ப்புழு நீர்க்கட்டி: மாத்திரையா, ஊசியா, ஆபரேஷனா?

சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஹைடாடிட் நீர்க்கட்டி' என்று எழுதி வந்ததும் வீட்டில் முதலில் கேட்பது, மாத்திரையிலேயே கரைக்க முடியாதா, இந்த வயதில் நெஞ்சைத் திறக்கத்தான் வேண்டுமா என்பதுதான். இன்னொருவர் வந்து, எங்கள் ஊரில் ஒருத்தருக்கு ஈரலில் இதே கட்டி, ஊசி விட்டு உறிஞ்சியே சரிபண்ணிவிட்டார்கள் என்பார். மூன்றும் உண்மையிலேயே இருக்கிற வைத்தியம்தான். ஆனால் மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எது சுலபம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. கட்டி எவ்வளவு பெரிது, உடையாமல் இருக்கிறதா, உடைந்துவிட்டதா என்பது தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

நோய் வருகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாயின் குடலில் வாழும் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு நாடாப்புழுவின் முட்டைகள் அதன் மலத்தோடு வெளியே வருகின்றன. அவற்றைப் புல்லோடு தின்னும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளர்கிறது, அந்த ஈரலை நாய் தின்றால் மறுபடியும் புழு. மனிதக் குழந்தை இந்தச் சுற்றில் தெரியாமல் மாட்டிக்கொள்கிறது, நாயைக் கொஞ்சிய கையை வாயில் வைத்து, அல்லது கழுவாத கீரையையோ காயையோ தின்று. மேச்சேரி ஆடும் சேலம் கருப்பு ஆடும் வளர்க்கிற மாவட்டம் நம்முடைய சேலம். கிடா வெட்டுகிற இடத்தில் கழிவு ஈரலை எடுத்து நாய்க்கு எறிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முட்டைகள் வெயிலில் காய்ந்தால் செத்துவிடும், ஏற்காடு மாதிரி ஈரமும் குளிருமான மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சானிடைசர் அவற்றைக் கொல்லாது, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

பெரியவர்களுக்கு இந்தக் கட்டி பெரும்பாலும் ஈரலில்தான் வரும். குழந்தைகளுக்கு நுரையீரலில் வருவது அதிகம். குழந்தையின் நுரையீரல் மெத்தென்று விரிந்து கொடுப்பதால் அங்கே கட்டி வேகமாகவும் வளரும், பத்து சென்டிமீட்டருக்கு மேல் போன பிறகும் லேசான இருமலைத் தவிர எதுவும் தெரியாமல் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. உள்ளே இருப்பது இளநீர் மாதிரி தெளிந்த நீர், அதைச் சுற்றி வழுக்கை மாதிரி வெள்ளையாக ஒரு சவ்வு. அந்தச் சவ்வு கிழிவதுதான் இந்த நோயில் பயப்பட வேண்டிய விஷயம். மூச்சுக்குழாய்க்குள் உடைந்தால் திடீரென்று ஒரு பெரிய இருமல் வந்து வாய் நிறைய உப்புக்கரிக்கும் தண்ணீர், சில சமயம் வெள்ளைச் சவ்வுத் துண்டுகள், ரத்தம். நுரையீரலுக்கு வெளியே, மார்புச் சுவர்ப் பக்கம் உடைந்தால் காற்றும் நீரும் அங்கே சேர்ந்து நுரையீரல் சுருங்கி மூச்சுத் திணறும், பிறகு சீழ் பிடிக்கும். இரண்டிலுமே அந்த நீர் கடும் ஒவ்வாமையைக் கிளப்பி உடம்பெல்லாம் தடித்து ரத்த அழுத்தம் விழுந்துபோகலாம், சிந்திய இடத்தில் புதிய கட்டிகளும் முளைக்கலாம். அதனால் எந்த வைத்தியத்தையும், இது அந்தச் சவ்வை என்ன செய்யும் என்ற கேள்வியோடுதான் நான் பார்ப்பேன்.

முதலில் மாத்திரை. அல்பெண்டசோல், எடைக்கு ஏற்ப ஒரு நாளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், இரண்டு வேளையாக, கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். இதை மாதக்கணக்கில் தரவேண்டும், இடையிடையே ஈரல் பரிசோதனையும் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்னக் கட்டிக்கும், இரண்டு பக்கமும் நிறையக் கட்டிகள் சிதறி அறுவை சிகிச்சைக்கு இடமே இல்லாத குழந்தைக்கும் இது நல்ல வழி. ஆனால் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய, இன்னும் உடையாத நுரையீரல் கட்டிக்கு ஆபரேஷனுக்கு முன்னால் இதை ஆரம்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அனுபவமுள்ள பல அறுவை மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மருந்து புழுவைக் கொல்லும்போது சவ்வும் நொய்ந்துபோகிறது, வீட்டில் இருக்கும்போதே கட்டி உடைந்துவிடலாம். புழு செத்தாலும் சவ்வு உள்ளேயே தங்கி அதில் கிருமி சேர்ந்து சீழ்க்கட்டியாகவும் மாறலாம். ஈரலில் இருக்கும் கட்டிக்கு மருந்து முதலில் தருவது வழக்கம், அதைப் பார்த்துவிட்டு நுரையீரலுக்கும் அப்படியே என்று யாராவது சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தருகிற குடற்புழு மாத்திரையும் இதே அல்பெண்டசோல்தான். அதைத்தான் வருடா வருடம் கொடுக்கிறோமே, பிறகு எப்படிக் கட்டி வந்தது என்று கேட்கிறார்கள். அந்த ஒற்றை 400 மில்லிகிராம் மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கு. நுரையீரல் கட்டியை அது தடுக்கவும் செய்யாது, கரைக்கவும் செய்யாது. அதற்காகப் பள்ளி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், அதன் வேலை வேறு, அதுவும் தேவையான வேலை.

ஊசி விட்டு உறிஞ்சும் முறை ஈரல் கட்டியில், அதுவும் சில வகைகளில் மட்டும், நன்றாக வேலை செய்கிறது. உறிஞ்சி, புழுவைக் கொல்லும் திரவம் செலுத்தி, மறுபடி உறிஞ்சி எடுப்பார்கள். நுரையீரலில் இதைச் செய்வதில்லை. அங்கே கட்டிக்கும் மூச்சுக்குழாய்க்கும் மார்பு இடைவெளிக்கும் நடுவே தடுப்பு மிக மெல்லிசு, நீர் எந்தப் பக்கமும் சிந்தலாம், உள்ளே விடும் திரவமே மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். சந்தேகம் தீர்க்கக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஊசி போடுவதும் இதே காரணத்தால் கூடாது. எக்ஸ்ரேயில் ஓரம் சுத்தமான உருண்டை நிழல், வீட்டிலோ எஸ்டேட்டிலோ நாய், பக்கத்தில் ஆடு என்றிருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். உடைந்து சீழ் பிடித்த கட்டி டிபி மாதிரியோ சாதாரண நிமோனியா மாதிரியோ தெரியும், டிபி மருந்து மாதக்கணக்கில் சாப்பிட்டும் நிழல் மாறாத பிள்ளைகளுக்குக் கடைசியில் இதுவாக இருப்பதும் நடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் இந்த நோய் இல்லை என்று வந்தாலும் நம்பி உட்கார முடியாது, உடையாத நுரையீரல் கட்டியில் அது பலமுறை இல்லை என்றே காட்டும்.

ஆக, பெரிய கட்டிக்கும் தொந்தரவு தரும் கட்டிக்கும் மிஞ்சுவது ஆபரேஷன், அதற்குள்ளேயும் தேர்வுகள் உண்டு, பெற்றோர் நேரம் செலவழித்துக் கேட்க வேண்டியது இங்கேதான். ஒன்று, கட்டியை மட்டும் எடுப்பது: சுற்றிலும் உப்புக்கரைசலில் நனைத்த துணி வைத்து, நீரை உறிஞ்சி, சவ்வை முழுசாக வெளியே எடுத்து, உள்ளே திறந்திருக்கும் சின்னச் சின்ன மூச்சுக்குழாய் வாய்களைத் தைத்து, குழியையும் தையல் போட்டு மூடுவார்கள். மற்றொன்று, நுரையீரலின் அந்தப் பகுதியையே வெட்டி எடுப்பது. குழந்தைக்கு நான் முதலாவதன் பக்கம்தான். பல வருஷமாக நசுங்கிக் கிடந்த பாகம்கூட கட்டி போனதும் விரிந்து வருகிறது, வளர்கிற வயது என்பதால் பெரியவர்களைவிட நன்றாகவே விரியும். சீழ் பிடித்து அந்தப் பகுதி முழுக்க அழிந்துபோயிருந்தால் மட்டும்தான் வெட்டுவது நியாயம், அதை நெஞ்சைத் திறந்து பார்த்த பிறகே முடிவு செய்கிறவர்கள் உண்டு. குழி மூடும் தையல் தேவையா இல்லையா என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, காற்றுக்கசிவு குறையும் என்பதால் போடுபவர்கள் அதிகம்.

கேமரா வைத்துச் சின்னத் துளைகள் வழியாகச் செய்வதைப் பற்றியும் கேட்பார்கள். வலி குறைவு, தழும்பு சின்னது, சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டிக்குச் சரி. பெரிய கட்டியில் நீர் சிந்தாமல் பார்த்துக்கொள்வது துளை வழியாகக் கஷ்டம், அப்போது தழும்பைப் பற்றி யோசிக்கக் கூடாது. தழும்பைவிட முக்கியம் மயக்க மருத்துவர். மயக்கத்தில் கட்டி உடைந்தால் நீர் நல்ல நுரையீரலுக்குள்ளும் போய்விடும், அதைத் தடுக்கப் பெரியவர்களுக்குப் போடுகிற இரட்டைக் குழாய் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு ஒத்துவராது, வேறு உத்திகள் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கு நெஞ்சு ஆபரேஷனில் மயக்கம் கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள்.

இதெல்லாம் உடையாத கட்டிக்கு. ஏற்கனவே உடைந்து இருமலில் உப்புத்தண்ணீர் வந்துவிட்டால் வரிசையே மாறுகிறது: சில நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பது போய்விடும். மலையில் இருப்பவர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்காமல் அன்றைக்கே கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அதற்கு இணையான இடத்துக்கோ வந்துவிட வேண்டும். அங்கே முதலில் ஒவ்வாமையையும் கிருமியையும் அடக்கி, மார்பில் காற்றும் நீரும் சேர்ந்திருந்தால் குழாய் போட்டு வடித்து, பிறகு ஆபரேஷன் நேரத்தைக் குறிப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள், ஆபரேஷன் அதில் வருமா என்று அன்றைக்கே கேட்டுவிடலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு அல்பெண்டசோல் உண்டு, சிந்தியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்காகச் சில மாதங்கள். இங்கே அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வயிற்று ஸ்கேன் ஆபரேஷனுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும், ஈரலின் மேல்பகுதியில் இன்னொரு கட்டி இருந்தால் வலது நெஞ்சைத் திறந்த அதே வழியில் உதரவிதானத்தைக் கீறி அதையும் எடுத்துவிட முடிகிறது, பிள்ளைக்கு இரண்டாவது ஆபரேஷன் மிச்சம். மறுபடி வருகிறதா என்று சில வருடங்களாவது எக்ஸ்ரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம், அதே நாயோடு விளையாடிய தம்பி தங்கைகளுக்கும் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேவும் வயிற்று ஸ்கேனும் எடுத்துப் பாருங்கள், நாய்க்குக் கால்நடை மருத்துவரிடம் பிராசிகுவான்டெல் மாத்திரையும் வாங்கிக் கொடுங்கள்.