முன்பாரமா, பின்பாரமா: கனத்த இ-பைக்கைச் சின்ன ட்ரெய்லரோடு எங்கே ஏற்றுவது?

சாதாரண சைக்கிள் 12, 13 கிலோ இருக்கும். அதைச் சின்ன கேம்பிங் ட்ரெய்லரில் எங்கே கட்டினாலும் வண்டி கண்டுகொள்ளாது. இ-பைக், அதாவது பேட்டரி மோட்டார் வைத்த சைக்கிள், அப்படியில்லை. பெரும்பாலும் 25 கிலோவை ஒட்டி இருக்கும், பருத்த டயர் போட்டவை 35 கிலோவரை போகின்றன. அந்த எடையைத் தாங்குகிற ரேக், அதாவது பைக்கை ஏற்றிக் கட்டுகிற தாங்கி, தனியாக 20 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 50-ஐத் தொட்டுவிடும். பெரிய கேரவனுக்கு 50 கிலோ ஒரு பொருட்டே இல்லை. சாமானோடு சேர்த்தே 600 கிலோ இருக்கிற ட்ரெய்லருக்கு அது பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தப் பங்கு எந்த முனையில் உட்காருகிறது என்பதை வைத்துத்தான் நிம்மதியாக ஓட்டுவதா, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டே ஓட்டுவதா என்பது முடிவாகும். ரேக் எந்த கம்பெனி என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஒற்றை அச்சு ட்ரெய்லர் மாட்டுவண்டி மாதிரிதான். வண்டிக்காரர்கள் இதை இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள்: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே கிளம்பும். இங்கே மாட்டின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் காரின் ஹிட்ச், அதாவது ட்ரெய்லரை மாட்டுகிற கொக்கி, இருக்கிறது. அதன்மேல் ட்ரெய்லரின் மூக்கு அழுத்துகிற எடை, ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பரவலான கணக்கு. ஐரோப்பியக் கார்களில் இதைவிடக் குறைவாக வைத்தே ஓட்டுகிறார்கள். எப்படியானாலும் அது மிகவும் குறைந்துபோனால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும்.

எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது ட்ரெய்லரின் பின்பக்கம். காலியாக இருக்கிறது, உயரமும் தோது, சாய்பலகை ஒன்றை வைத்தால் பைக்கைத் தூக்காமலே உருட்டி ஏற்றிவிடலாம். நானும் அங்கேதான் முதலில் கட்டினேன். கட்டிய பிறகுதான் கணக்குப் போட்டேன். அச்சிலிருந்து ஹிட்ச் 3 மீட்டர் முன்னால், ரேக் 2.1 மீட்டர் பின்னால். 50 கிலோவை 2.1-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 35. அதாவது பின்னால் 50 கிலோ ஏற்றினால் மூக்கில் 35 கிலோ குறைகிறது. முன்பு 72 கிலோ அழுத்திக்கொண்டிருந்த மூக்கு 37-க்கு இறங்கிவிட்டது. மொத்த எடையோ 650 ஆகிவிட்டது. 12 சதவீதம் இருந்த இடத்தில் 6-க்கும் கீழே.

கணக்கை நம்பாதவர்கள் வீட்டில் எடை பார்க்கிற மெஷினை எடுத்து வரலாம். தரை சமமான இடத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மெஷின்மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, ட்ரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்க வேண்டும். வண்டியில் மாட்டும்போது மூக்கு இருக்கிற அதே உயரத்தில் வைத்துப் பார்ப்பது முக்கியம். பைக் இல்லாமல் ஒரு தடவை, பைக்கோடு ஒரு தடவை. முள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தபின் விவாதம் இருக்காது.

சரி, முன்னால் தண்ணீர் கேனும் சாமான் பெட்டியும் ஏற்றி ஈடுகட்டிவிடலாமே என்று தோன்றும். மூக்கின் எடை சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் நீளக் கம்பின் இரு முனையிலும் குடத்தைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். திரும்பத் தொடங்குவதும் கஷ்டம், தொடங்கினால் நிறுத்துவதும் கஷ்டம். ட்ரெய்லரும் அப்படியே. லாரி ஒன்று உரசினாற்போல் முந்திப் போகும்போது, பக்கக் காற்று முதலில் பின்முனையைத் தள்ளுகிறது, அப்புறம் இழுக்கிறது. அச்சை ஒட்டி எடை இருந்தால் அந்த ஆட்டம் ஒரு குலுக்கலோடு அடங்கும். முனைகளில் இருந்தால் இரண்டு, மூன்று என்று தொடரும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருந்தும், அந்த முதல் பயணத்தில் என் கால் பிரேக்கைத் தேடத்தான் செய்தது.

பின்பக்கத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. ட்ரெய்லரின் வால், காரின் பின்பக்கத்தைவிடப் பல மடங்கு தூக்கிப்போடும். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் ரேக்கின்மேல் வருகிற அடி, பைக்கின் எடையைப்போல இரண்டு மூன்று பங்கு ஆகிவிடும். அதனால்தான் பல ரேக்குகளின் கையேட்டில் ‘ட்ரெய்லரில் பொருத்தக் கூடாது’ என்றோ, பொருத்தினால் தாங்கும் எடையில் பாதியைக் கழித்துக்கொள் என்றோ போட்டிருக்கிறது. ட்ரெய்லருக்கென்றே செய்த ரேக் வாங்கினாலும் அது ட்ரெய்லரின் அடிச்சட்டத்தில் நேரடியாகப் பிடிக்கப்பட வேண்டும். பின் பம்பர் பெரும்பாலும் மெல்லிய தகட்டுக் குழாய். அதில் ஒரு பற்றவைப்பு விட்டுக்கொடுத்தால் பைக் ரோட்டில் கிடக்கும், பின்னால் வருகிறவர் கதி அதோகதி.

இதற்கு நேர் எதிர், ட்ரெய்லரின் மூக்கில், அந்த முக்கோணச் சட்டத்தின்மேல் ஏற்றுவது. ஆட்டம் குறைவு, குலுக்கல் குறைவு, பைக் எப்போதும் கண்ணாடியில் தெரியும். அச்சிலிருந்து 2.4 மீட்டர் முன்னால் 50 கிலோ என்றால் மூக்கில் 40 கூடும். 72 இருந்தது 112 ஆகிறது. 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ட்ரெய்லர் அதனால் வாலாட்டாது, காருக்குத்தான் சிக்கல். சின்ன கார்களின் ஹிட்ச் 75 கிலோ, அதிகம் போனால் 100 கிலோதான் தாங்கும் என்று அவற்றின் தகட்டில் அடித்திருக்கும். இங்கே ஒரு நல்ல விஷயம், கூடுதல் எடையைக் குறைக்க வழி இருக்கிறது. முன்பெட்டியில் இருந்த 25 கிலோ சாமானை எடுத்து அச்சின் நேர்மேலே வைத்தாலே 20 கிலோ இறங்கிவிடும். எனக்கு 92-ல் நின்றது. என் ஹிட்ச் 100 தாங்கும், அதனால் தப்பித்தேன். 75-தான் என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

மூக்கில் ஏற்றும்போது பார்க்க வேண்டியது திரும்புகிற இடைவெளி. பைக் ஏறக்குறைய கார் அகலத்துக்கு நீளம். நேராகப் போகும்போது இடம் தாராளமாகத் தெரியும். ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் காரின் பின்மூலையும் பைக்கின் சக்கரமும் முட்டிக்கொள்ளும். காலி மைதானத்தில் ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் மெல்ல ஒடித்து, எந்தக் கோணத்தில் விரற்கடை இடைவெளி வருகிறதோ அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நான் இதைச் செய்யாமல் போனதற்கு என் டெயில் லைட்டில் பெடலின் பல் பதிந்த தடம் சாட்சி. டிக்கிக் கதவு முழுசாகத் திறக்காது என்பது கொசுறு.

காருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே இரட்டை ஹிட்ச் போட்டு, மேலதில் ரேக், கீழதில் ட்ரெய்லர் என்று ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹிட்ச் நீள நீள அது நெம்புகோல் ஆகிறது. நீட்டிப்புத் துண்டு போட்டால் தாங்கும் எடையைப் பாதியாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. சின்ன கார் வைத்திருப்பவருக்கு இது வேண்டாம்.

கார் கூரை? கூரை ரேக்குகளில் பெரும்பாலானவை ஒரு சைக்கிளுக்கு 20 கிலோ என்று நின்றுவிடுகின்றன. தாங்கினாலும் 30 கிலோவைத் தலைக்கு மேலே தூக்குவது யார்? காரின் முன்பக்கம் ஹிட்ச் வைத்து மாட்டினால் ட்ரெய்லர் கணக்கு ஒன்றும் கெடாது. ஆனால் ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையும், ரேடியேட்டருக்குக் காற்று தடைபடும், ஓட்டுகிறவருக்கு எதிரே ஹேண்டில்பார் ஆடிக்கொண்டிருக்கும். ட்ரெய்லருக்குள்ளே படுக்கவைத்தால் எடை அச்சை ஒட்டியே விழும், அதுதான் சமநிலைக்கு உகந்த இடம். ஒவ்வொரு ராத்திரியும் சங்கிலி எண்ணெய் படிந்த மெத்தையில் யார் படுப்பது என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் ஓட்டு காருக்குள்ளே வைப்பதற்குத்தான், இடம் இருந்தால். ஹிட்ச், ரேக், ஆட்டம் எதுவும் இல்லை. திருட்டுப் பயமும் மழையும்கூட இல்லை. இரண்டு பேர் மட்டும் போகிற பயணத்தில் பின்சீட்டை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பினால் பல பைக்குகள் உள்ளே போய்விடும். முன்சக்கரத்திலேயே மோட்டார் இருக்கிற வகை என்றால் வயரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், அது வேறு கதை. சங்கிலியும் கியரும் இருக்கிற வலப்பக்கம் மேலே பார்க்கும்படி படுக்கவையுங்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் கழன்றிருக்கும்போது யாராவது லீவரை அமுக்கினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். இடையில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் போதும். இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை.

உள்ளே இடம் இல்லாதவர்களுக்கு ட்ரெய்லரின் மூக்கு, ஹிட்ச் அனுமதித்தால். அதுவும் இல்லையென்றால் ட்ரெய்லரின் வாலில் கனத்த பைக்கைத் தொங்கவிடுவதைவிட, மடக்குகிற லேசான பைக்காக மாற்றிக்கொள்வதைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கே ஏற்றினாலும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். 3, 4 கிலோ அங்கேயே குறையும்; பூட்டு இன்னொரு 2 கிலோ. பேட்டரி இருந்த பள்ளத்தை மூடிக் கட்டினால் மின்முனைகளில் மழைத்தண்ணீர் புகாது. கழற்றிய பேட்டரியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிழல் தேடி நிறுத்துங்கள், முடிந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரேக்கில் பைக்கைச் சக்கரங்களால் பிடிப்பதே நல்லது, பிரேம் கவ்வியை நம்பியே விடக் கூடாது. பருத்த டயருக்குத் தட்டின் அகலமும் பட்டையின் நீளமும் போதுமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கிளம்பி 20 கிலோமீட்டர் தாண்டியதும் ஒரு டீ சாக்கில் நிறுத்திப் பட்டைகளை இழுத்துப் பார்ப்பேன். மூன்று கெட்டியாக இருக்கும். பின்சக்கரத்துப் பட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு பல் தளர்ந்திருக்கும்.