லிஸ்பன் அரண்மனையா, ஓரியூர் மணலா?

தேவகோட்டை, காரைக்குடிப் பக்கக் கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகளிடம் இரண்டும் சொல்கிறோம்: "பெரிய ஆளா வா", "தாழ்மையா இரு". எதை முன்னால் வைப்பது?

முதலாவதை நான் குறைத்துப் பேச மாட்டேன். செட்டிநாட்டு வணிகர்கள் கடல் கடந்த துணிச்சலால்தான் கானாடுகாத்தான் மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. ஆனால் 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது; அதிலிருந்து அங்கிருந்த செட்டிநாட்டுச் சொத்தில் பெரும்பகுதி படிப்படியாகக் கைவிட்டுப் போனது. சொத்தை வைத்தே தன் மதிப்பை அளந்தவர் அன்று என்ன ஆகியிருப்பார்!

இரண்டாவதற்கு இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் போக வேண்டும். அருளானந்தர் என்று நாம் அழைக்கும் இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். தமிழ்நாட்டுக்கு மறைப்பணி செய்ய வந்து, இராமநாதபுரம் பக்கத்து மறவர் நாட்டில் சித்திரவதைப்பட்டு, பிறகு போர்ச்சுகல் போனபோது, அரசர் அங்கேயே தங்கச் சொன்னார். அவர் கேட்கவில்லை. காவி உடுத்தி, மரக்கறி உண்டு வாழ்ந்த பழைய ஊழியத்துக்கே திரும்பினார். 1693இல் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது.

இதை ஆசையற்ற வாழ்க்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீடர்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலமும் இடமும் அமரக் கேட்டபோது, பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாகட்டும் என்றுதான் அவர் சொன்னார். விருப்பத்தை அணைக்கவில்லை, திசையை மாற்றினார்.

என் தேர்வு இரண்டாவதுதான். பதவி உயர்வு வந்தால், சரி, வாங்கிக்கொள்ளுங்கள். திருவிழா மேடையில் முதல் நாற்காலி யாருக்கு என்ற சண்டைக்கு மட்டும் போகாதீர்கள்.