பூஜை போட்டால்தான் பணம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் கதை, வசனம் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் குறும்படம் எடுத்தவர்கள், யாராவது சென்னையிலிருந்து கூப்பிட்டு ‘கதை இருக்கா?’ என்று கேட்டால் அன்று ராத்திரியே கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவார்கள். போங்கள், நன்றாக வாருங்கள். ஆனால் தயாரிப்பாளர் ஒப்பந்தம் நீட்டும்போது, சம்பளம் எவ்வளவு என்பதை அப்புறம் பாருங்கள். அந்தச் சம்பளம் எப்போது கைக்கு வரும் என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். 6 லட்சம் பேசிவிட்டு 75 ஆயிரத்தோடு என்னை நிறுத்தியது அந்தப் பத்திதான்.

என் கதை ஒக்கிப் புயலைப் பற்றியது. 2017 நவம்பர் 30 அன்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்கடலுக்குப் போனவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் அந்த வீட்டில் அடுத்தடுத்த வருடங்கள் எப்படிப் போகும் என்பதைத்தான் எழுதினேன். அந்த வீடுகளில் உட்கார்ந்து, அந்த அம்மாமார் சொன்னதைக் கேட்டு எழுதியது. அதனால்தான் இந்த ஏமாற்று எனக்குப் பணக்கணக்கோடு முடியவில்லை.

தயாரிப்பாளர் நம் மாவட்டத்துக்காரர். வெளியே தொழில், சென்னையில் ஆபீஸ். நரேஷன் (வாயால் கதை சொல்வது) கேட்டுக் கண்கலங்கினார். நாகர்கோவிலில் ஒரு ஓட்டல் அறையில் ஒப்பந்தம் நடந்தது. முதல் பக்கம் மட்டும் முத்திரைத்தாள், மற்றதெல்லாம் வெள்ளைத்தாள், முழுக்க ஆங்கிலம். மேனேஜர் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பேனா மூடியைத் திறந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்ததும், “எல்லாருக்கும் போடுற ஃபார்மட்தான் சார்” என்றார்.

நான்காவது பத்தியில் பணம் இருந்தது. அட்வான்ஸ் 25 ஆயிரம். திரைக்கதையின் முதல் பிரதி கொடுத்ததும் 50 ஆயிரம். பூஜை போட்டுப் படப்பிடிப்பு தொடங்கும் நாளில் 2 லட்சம். டப்பிங் முடிந்ததும் ஒன்றேகால் லட்சம். வெளியீட்டுக்கு முன்பு 2 லட்சம். “ஷூட்டிங் தொடங்கலன்னா என்ன செய்ய அண்ணாச்சி?” என்று தயாரிப்பாளரிடம் கேட்டேன். “தொடங்காம எப்படி இருக்கும் தம்பி? நம்ம ஊர்க் கதைலா” என்றார். அந்த வரியை மாற்றியே ஆக வேண்டும் என்றதற்கு, ஆபீஸ் போனதும் தனியாக லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் தருவதாக எல்லார் முன்னாலும் சொன்னார். அந்தக் கடிதம் வரவேயில்லை.

அந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். எழுத்தாளன் செய்ய வேண்டிய வேலை முழுவதும் பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது முழுதாக எழுதிக் கட்டிய திரைக்கதைப் பிரதி, கொடுக்கும்போது முடிந்துவிடுகிறது. அதுவரைக்கும் கைக்கு வருவது எட்டில் ஒரு பங்கு. மீதி எல்லாம் தயாரிப்பாளர் ஃபைனான்ஸ் பிடிப்பதையும், ஹீரோ கால்ஷீட் கொடுப்பதையும், வியாபாரம் முடிவதையும் நம்பித் தொங்குகிறது. அதில் எதுவும் நம் கையில் இல்லை.

கதையின் உரிமை மட்டும் கையெழுத்துப் போட்ட அன்றே அவருக்குப் போய்விடுகிறது. ஒன்பதாவது பத்தி அதைச் சொன்னது: எல்லா மொழி, எல்லா ஊடகம், உலகம் முழுவதும், நிரந்தரமாக.

அப்புறம் திருத்தம் தொடங்கியது. ‘தயாரிப்பாளருக்குத் திருப்தி ஏற்படும்வரை’ எழுதித்தர வேண்டும் என்று ஒரு பத்தி; எத்தனை முறை என்று எண்ணிக்கை கிடையாது. இரண்டாம் பாதியில் ஃபைட் வேண்டும் என்றார், எழுதினேன். கதையை ராமேஸ்வரத்துக்கு மாற்றச் சொன்னார், அதையும் எழுதினேன். மறுபடி தூத்தூருக்கே கொண்டுவரச் சொன்னார். முதல் பிரதிக்கான 50 ஆயிரத்தில் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) என்று 5 ஆயிரம் பிடித்துக்கொண்டு 45 ஆயிரம் அனுப்பினார்கள். தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம் பிடிப்பது சட்டப்படி சரிதான். ஆனால் பிடித்ததை நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும், நமக்கு அதற்கான சான்றிதழ் தர வேண்டும். வருமான வரி இணையதளத்தில் என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே ஏறவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் போனை எடுப்பது குறைந்தது.

படம் தொடங்கவில்லை. வேறொரு இயக்குநர் இந்தக் கதையைக் கேட்டு வந்தார், நல்ல கம்பெனியும் அவர் பின்னால் இருந்தது. கதையை அவருக்குக் கொடுக்க ஆட்சேபமில்லை என்று தடையின்மைக் கடிதம் கேட்டுத் தயாரிப்பாளரிடம் போனேன். எனக்கு 75 ஆயிரம் கொடுத்தவர், கதையை விட்டுக்கொடுக்க 3 லட்சம் கேட்டார். நான் எழுதியதை நானே விலைக்கு வாங்க வேண்டும்! அந்த இயக்குநர் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

இது எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 19(4) என்று ஒரு பிரிவு உண்டு. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை மாற்றம் காலாவதியாகும். நமக்காகவே வைத்த பாதுகாப்பு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இது செல்லாது. அவருடைய ஒப்பந்தத்தின் பத்தாவது பத்தியில் ‘பிரிவு 19(4) பொருந்தாது’ என்று ஒற்றை வரி இருக்கிறது. இந்த ஊரில் வேறு சிலருடைய ஒப்பந்தங்களையும் வாங்கிப் பார்த்தேன், அதே வரி அவற்றிலும் இருக்கிறது. அந்த வரியைக் கண்டால் அடித்துவிட்டு, இரண்டு பேரும் ஓரத்தில் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பயன்படுத்தாமல் வைத்திருக்கும் உரிமையை ரத்து செய்யக் கேட்க 19ஏ பிரிவில் வழி இருக்கிறது, ஆனால் அது நீதிமன்றம் ஏறி இறங்கும் வழி. எழுத்தைப் பிழைப்பாக வைத்திருப்பவனால் அந்தச் செலவைத் தாங்க முடியாது.

பணப் பத்தி எப்படி இருக்க வேண்டும்? நாம் எதைக் கையில் கொடுக்கிறோமோ அதோடு பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்து, ஒன்லைன் (கதைச் சுருக்கம்), ட்ரீட்மென்ட் (விரித்து எழுதிய கதை), முதல் பிரதி, திருத்திய பிரதி, வசனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை, கொடுத்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று கெடு. பவுண்ட் ஸ்கிரிப்ட் போகும்போது பெரும்பகுதி வந்திருக்க வேண்டும். படப்பிடிப்பு, வெளியீடு என்று எதையாவது வைத்தே தீருவேன் என்றால், ‘அல்லது இன்ன தேதி, இரண்டில் எது முந்தியோ’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். அந்தச் சின்ன வரி இருந்திருந்தால் எனக்கு 2 லட்சம் எப்போதோ வந்திருக்கும். திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனிச் சம்பளம். கடைசித் தவணை வந்த பிறகுதான் உரிமை மாறும் என்ற வரி கட்டாயம் வேண்டும். இதற்கெல்லாம் கோபப்படுகிற தயாரிப்பாளர் பணம் தரும் எண்ணத்தில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்தப் பரப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்கிறது அதே 19ஆவது பிரிவு. காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, பரப்பு எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று மறக்காமல் போடுகிறார்கள். ரீமேக் உரிமையைத் தனியாகப் பேசுங்கள். 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தமிழ்ப்பட வழக்கில், டப்பிங் செய்ய தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு, ஆனால் எழுதிக் கொடுக்காத ரீமேக் உரிமை திரைக்கதை எழுதியவரிடமே இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது.

‘ராயல்டி உள்பட எல்லாம் இந்தத் தொகையில் அடக்கம்’ என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, படம் தியேட்டருக்கு வெளியே பயன்படுத்தப்படும்போது கிடைக்கும் ராயல்டியில் எழுத்தாளருக்குச் சம பங்கு உண்டு. அதை அவரே எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. டைட்டிலில் பெயரும் அப்படித்தான்: உரிமையை விற்றாலும், ‘எழுதியது நான்’ என்று கோரும் உரிமை 57ஆவது பிரிவின்படி நம்மிடமே இருக்கும். ஆனாலும் எந்த இடத்தில், எந்த அளவில் பெயர் வரும் என்று எழுதி வாங்குவதே நல்லது. பிரச்சினை வந்தால் தயாரிப்பாளர் நியமிக்கும் ஒற்றை நடுவர் தீர்ப்பார் என்று ஒரு பத்தி வரும். தகராறில் பங்குள்ளவரே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நரேஷனுக்கு முன்பு பதிவு செய்துவிடுங்கள். தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாக 500 ரூபாய்க் கட்டணத்தில் பதியலாம். ஆனால் ஒன்லைனைப் பதிந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வெறும் கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. காட்சி காட்சியாக எழுதிய முழுப் பிரதியைப் பதியுங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் மின்னஞ்சலில் மட்டும் அனுப்புங்கள். போனில் பேசியதை அன்றைக்கே ‘நீங்கள் சொன்னபடி’ என்று தொடங்கி ஒரு மெயிலாகப் போடுங்கள்.

என் விவகாரத்தில் நடுவில் சிலர் பேசியதால் அவர் 1 லட்சத்துக்கு ஒரு காசோலை கொடுத்தார். பணமில்லை என்று திரும்பி வந்தது. வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் புகார். இந்தக் கெடுவில் ஒன்றைத் தவறவிட்டாலும் வழக்கே நிற்காமல் போகலாம். இதற்காக சென்னைக்கு அலைய வேண்டாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, நம் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். என் கணக்கு நாகர்கோவிலில் இருந்ததால் வழக்கும் இங்கேதான் நடக்கிறது. சென்னையில் ஆபீஸ் வைத்திருக்கும் அவருக்குத்தான் இப்போது அலைச்சல்.

ஏற்கெனவே இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள், பணம் தர வேண்டிய நாள் எது என்று ஒப்பந்தத்தில் தேடிக் குறித்துவையுங்கள். அந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் உரிமையியல் வழக்குப் போட வேண்டும், தாண்டினால் கேட்க முடியாது. ‘பார்க்கலாம் தம்பி, அடுத்த மாசம் தம்பி’ என்று அவர்கள் இழுத்துக்கொண்டே போனால், நமக்கு மிச்சமிருக்கும் அந்த 3 ஆண்டும் கரைந்துபோகும். ஒப்பந்த நகலை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.