நிக்கான் எஃப்எம்2: டிஜிட்டல் இருந்தும் ஏன் இது

ஃபிலிமில் எடுத்த படத்துக்குத் தனி ஆன்மா உண்டு என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என்னிடம் நிக்கான் எஃப்எம்2 என்ற ஃபிலிம் கேமரா இருக்கிறது. அதே சாயலில் நிக்கான் 2023-இல் கொண்டுவந்த ஸெட்எஃப் டிஜிட்டல் கேமராவும் இருக்கிறது. படத்தின் தரம் மட்டும்தான் கேள்வி என்றால் பேச்சே வேண்டாம், ஸெட்எஃப்தான். பொழுது சாய்ந்த பிறகு 400 ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறனின் அளவு) ரோலை வைத்துக்கொண்டு தடுமாறும் நேரத்தில், ஸெட்எஃப் 6400-இல் அலட்டிக்கொள்ளாமல் எடுத்துக் கொடுத்துவிடும்.

இருந்தாலும் ஆட்களை எடுக்கப் போனால் கை எஃப்எம்2 பக்கம்தான் போகிறது.

1982-இல் வந்த மாடல். முழுக்க முழுக்க இயந்திரம். பொத்தான் பேட்டரி இரண்டும் ஒளியை அளக்க மட்டுமே. அவை தீர்ந்துபோனாலும் 1/4000 நொடி வரை ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் கதவு, அதுபாட்டுக்கு ஓடும். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் ஓரத்தில் கூட்டல், வட்டம், கழித்தல் என்று மூன்று சிவப்பு விளக்குகள். வட்டம் மட்டும் எரிந்தால் ஒளி சரி. நடுவில் உருவம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும், லென்ஸைத் திருகி இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும். ஸெட்எஃப் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறது. இங்கே நான் திருகிக்கொண்டிருப்பதற்குள் எதிரில் இருப்பவருக்கு போஸ் கொடுத்து அலுத்துப்போய், முகம் தளர்ந்துவிடும். எனக்கு வேண்டியது அந்த முகம்.

இன்னொன்று. டிஜிட்டலில் ஒரு படம் எடுத்ததுமே 'காட்டு, காட்டு' என்று பக்கத்தில் வந்துவிடுவார்கள். பார்த்த பிறகு அடுத்த படத்துக்குத் தலைமுடி, முந்தானை, சிரிப்பு எல்லாம் திருத்தப்பட்டிருக்கும். ஸெட்எஃப்பின் திரையை உள்பக்கமாகத் திருப்பி மூடிவிடலாம், ஆனால் அது உள்ளேதான் இருக்கிறது என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவுக்குத் தெரியும். ஃபிலிம் கேமராவில் கேட்கவே வழியில்லை. இரண்டு படம் ஆனதும் கேமராவை மறந்துவிடுகிறார்கள்.

ஒளி விஷயத்தில் இரண்டும் நேரெதிர். டிஜிட்டலில் வெள்ளைச் சட்டை வெளுத்துவிட்டால் மீட்க முடியாது, நிழலை ஓரளவு தூக்கலாம். கலர் நெகட்டிவ் ஃபிலிமில் கொஞ்சம் கூடுதல் ஒளி விழுந்தால் தாங்கும், குறைந்தால்தான் நிழல் சேறாகிவிடும். அதனால் ஃபிலிமில் நிழலைப் பார்த்து அளப்பேன்.

எரிச்சல் எல்லாம் ரோல் முடிந்த பிறகுதான். ஒரு லேப் அனுப்பிய ஸ்கேனில் நிழலெல்லாம் அடைத்துப்போய், தோல் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. அதே நெகட்டிவை விளக்குப் பலகையில் வைத்து, ஸெட்எஃப்பில் மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் மாட்டி எடுத்தால் எல்லாமே இருந்தது. 'ஃபிலிம் நிறம்' என்று நாம் கொண்டாடுவதில் பாதி, ஸ்கேன் போடுபவரின் ரசனை. (ஆக, ஃபிலிம் படத்தை ஒழுங்காகப் பார்க்கவும் டிஜிட்டல் வேண்டியிருக்கிறது!)

ஓடும் பிள்ளைகளையும் மேடை நிகழ்ச்சியையும் எடுக்க வேண்டுமானால் எஃப்எம்2 வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால், பின்கதவைத் திறந்து ஓரத்துப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் ஒளி கசியும், மாற்ற வேண்டும். அது பெரிய வேலை இல்லை. ஷட்டர் தகடுகளில் மடிப்போ கீறலோ தெரிந்தால் மட்டும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.