ஜப்பானிய ஆர்டர் ஃபார்ம் செய்யக் கொடுக்கிறீர்களா? ஹிகாஷி ஜூஜோவை அடித்துப் பாருங்கள்

டோக்கியோவில் சின்னதாக மசாலா வியாபாரம் செய்கிறேன், பெரும்பாலும் ஆன்லைன் ஆர்டர்தான். ஆர்டர் ஃபார்மை ஒரு ஃப்ரீலான்ஸரிடம் கொடுத்தேன். நம்ம ஊர்க்காரர்தான், பெயர் வேண்டாம். "ஜப்பானீஸ் சப்போர்ட் எல்லாம் பக்கா அண்ணா" என்றவர், தனாகா தாரோ என்று அடித்துக் காட்டினார். சரியாக வந்தது. முழுப் பணத்தையும் கொடுத்துத் தொலைத்தேன்.

மறு வாரமே கிதா வார்டு, ஹிகாஷி ஜூஜோ ஆர்டர்களில் முகவரி குப்பையாக வந்தது. இங்கே மொஜிபாகே என்பார்கள். கேட்டால், "கஸ்டமர் பிரவுசர் பிரச்சினை அண்ணா."

பிரவுசராவது ஒன்றாவது! எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பழைய பிஎச்பி (வெப்சைட் நிரல்மொழி) கோடு, ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானிய எழுத்துக் குறியீட்டில் ஓடுகிறது. ஜூஜோவில் வரும் 'பத்து' என்ற கான்ஜிக்கு (சீன வழி எழுத்து) அதில் இரண்டு பைட், அதாவது கணினி சேமிக்கும் இரண்டு எண்கள்: 143, 92. இந்த 92 தனியாக நின்றால் பேக்ஸ்லாஷ் (ஜப்பான் கணினியில் யென் குறியாகத் தெரியும், அது தனிக் கூத்து). ஃபார்மில் வரும் மேற்கோள் குறிகளுக்கு முன்னால் பிஎச்பி தானாக பேக்ஸ்லாஷ் சேர்த்த வழக்கம் 2012-இல் 5.4 பதிப்போடு ஒழிந்தது. இவர் கோடு மட்டும் இன்னும் ஸ்லாஷை உரித்துக்கொண்டிருந்தது. 92 போனதும் மிச்சமிருந்த 143 அடுத்த எழுத்தின் முதல் பைட்டோடு ஒட்டிக்கொள்ள, அதன்பின் வந்ததெல்லாம் கோணல். கத்தகானா (ஜப்பானிய அசை எழுத்து) 'சோ'வுக்கும் இதே கதிதான், அதிலும் இரண்டாவது பைட் 92. பாமினி எழுத்துருவோடு மல்லுக்கட்டிய தலைமுறை நான், எனக்கே முன்பே உறைத்திருக்க வேண்டும்.

எல்லா மொழிக்கும் பொதுவான யுடிஎஃப்-8 குறியீட்டுக்கு மாற்ற இன்னும் 40,000 யென் கேட்டார். அதையும் கொடுத்தேன். இந்த முறை யோஷிதா என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் சிலரின் ஆர்டர் பெயரே இல்லாமல் வந்தது. 'யோஷி' கான்ஜியின் மேல்பாதியை 'மண்' எழுத்தாக எழுதுகிறவர்களுக்கு மட்டும். அந்த வடிவத்துக்கு 4 பைட் வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வெறும் 'யுடிஎஃப்8' என்பது 3 பைட்டுக்கு மேல் வாங்காது; யுடிஎஃப்8எம்பி4 போட்டிருக்க வேண்டும், அது 2010 முதலே இருக்கிறது. தவறான டேட்டாவை மறுக்கும் ஸ்டிரிக்ட் மோடையும் அணைத்து வைத்திருந்ததால் எரர்கூட வராமல், அந்த எழுத்திலிருந்து வெட்டிப் போட்டுவிட்டது.

ஆகவே ஹிகாஷி ஜூஜோ, கத்தகானா சோ, மண் யோஷி, மூன்றையும் உங்கள் கண் முன்னால் அடிக்கச் சொல்லுங்கள். டேட்டாபேஸில் என்ன சேர்ந்தது, உறுதி மெயிலில் என்ன போனது என்று பாருங்கள். காசு அப்புறம்.

என் பணம் திரும்பவில்லை, அவர் இப்போது போனை எடுப்பதும் இல்லை. வெட்டுப்பட்ட பெயர்களுக்காக 11 பேரை அழைத்து, அரைகுறை ஜப்பானியத்தில் மன்னிப்புக் கேட்டேன். ஒரு யோஷிதா பாட்டி மட்டும் சிரித்துவிட்டார்: "எங்கள் பெயருக்கு இது பழக்கம்தான்."