அப்பாவுக்கு ஒரு ஊசி: ஊர்ப் பயணக் குறிப்பு

மூன்று வாரம் மன்னார்குடிப் பக்கம் ஊரில் இருந்துவிட்டு சிங்கப்பூர் திரும்பியிருக்கிறேன். பட்டா, பேங்க், ஆதார் வேலையெல்லாம் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. நாட்களைத் தின்றது அப்பாவுக்கு நிமோனியா வராமல் தடுக்கும் ஊசி போட்டதுதான்.

அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மாதாமாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குவார். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். குறை சொல்ல இடமில்லை. சீட்டுப் போட்டு, பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, ஒரு மாத மாத்திரையைக் காசில்லாமல் கொடுத்துவிட்டார்கள். நடக்க முடியாத எதிர்வீட்டுப் பாட்டிக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வருகிறது.

அன்று புதன்கிழமை, ஊசி நாள். வராந்தா முழுக்கக் கைக்குழந்தைகள். நர்சம்மாவிடம் நிமோனியா ஊசி கேட்டேன்.

"அது புள்ளைங்களுக்குத்தான் சார் வருது. பெரியவங்களுக்குன்னா டிடி இருக்கு, நாய்க்கடி ஊசி இருக்கு."

அவர் மேல் தப்பில்லை. அரசுத் திட்டமே அப்படித்தான்.

அப்புறம் டவுனில் ஒரு தனியார் கிளினிக். பல வருடமாக அப்பாவைப் பார்க்கிற டாக்டர். "தாராளமா போடலாமே" என்று உடனே எழுதிக் கொடுத்தார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேவிட்டேன். "யாரும் கேக்குறதில்லையே தம்பி" என்றார். மருந்துக்கடையில் சரக்கு இல்லை. இரண்டு நாள் கழித்துத் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்தார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய, உறைந்தாலும் கெட்டுப்போகிற மருந்து, செய்தித்தாளில் சுற்றி ஐஸ்கட்டிப் பைக்குள் அப்பா மடியில் ஆட்டோவில் கிளினிக் போனது. போட்டது ஒரு நிமிடம். பதிவு என்று பார்த்தால் மருந்துச் சீட்டின் மூலையில் ஒரு தேதி, அவ்வளவுதான். என் சின்ன வயது ஊசி அட்டையை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். அப்பாவுக்கு அட்டையே கிடையாது.

இங்கே சிங்கப்பூரில் என் மாமியார் பிரஷர் மாத்திரைக்கு அரசுப் பாலிகிளினிக் போனால், "இந்த வருஷம் ஃப்ளூ ஊசி போட்டாச்சா?" என்று நர்ஸே கேட்பார். பெரியவர்களுக்கென்று தனி ஊசி அட்டவணை 2017 முதல் இருக்கிறது. 2023-ல் வந்த 'ஹெல்தியர் எஸ்ஜி' என்ற அரசுத் திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கு அந்த ஊசிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காசும் இல்லை. பணக்கார நாட்டோடு ஒப்பிடக்கூடாதுதான். ஆனால் கேட்பதற்கு என்ன செலவு? ஊரில் கொரோனா சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு, தெருத்தெருவாக வந்து ஊசி போட்டவர்கள் இதே நர்சம்மாக்கள். சர்க்கரைக்காரர்கள் மாதாமாதம் தாமாகவே வந்து வரிசையில் நிற்கிறார்கள். அந்தச் சீட்டில் 'ஊசி' என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் அப்பாவுக்கு எப்போதோ சொல்லியிருப்பார்கள்.

கிளம்புகிற அன்று பெரியப்பா வந்தார். இடுப்பில் அக்கி. குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டு வந்திருந்தார். குணமானதும் இதற்கும் ஊசி போட்டுக்கொள்ளலாம், இரண்டு தவணை, மறுபடி வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்றேன்.

"அக்கிக்கு ஊசியாடா?" என்று சிரித்தவர், சிரிப்பில் இடுப்பு வலித்து அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.